'ஆகனி' என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடுமையான துன்பத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஆகனி' என்றொரு சொல் உண்டு. செய்தித்தாள், ஆஸ்பத்திரி, நுகர்வோர் கோர்ட், பைபிள், விளையாட்டு வர்ணனை என்று எல்லா இடத்திலும் தலைகாட்டும். சின்ன அகராதிகள் 'வேதனை' என்று போட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. அது தப்பில்லை, ஆனால் போதாது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், மாலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலமும் சொல்லித் தருகிறேன். இரண்டு இடத்திலும் இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

ஒரே வரியில் சொன்னால், இதற்கு என்ன பொருள்?

தாங்க முடியாத வேதனை. உடம்பு வேதனைக்கும் சொல்லலாம், மன வேதனைக்கும் சொல்லலாம்.

அந்த ஒரு வரிக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அளவு. சாதாரண வலிக்கு இந்தச் சொல் வராது, உச்சத்தில் இருக்கும் வலிக்குத்தான் வரும். இன்னொன்று, போராட்டம். வலியோடு மல்லுக்கட்டுகிற ஆள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். சிறுநீரகக் கல் இறங்கும்போது ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்காருவார், உடனே எழுந்து நடப்பார், கட்டிலில் படுப்பார், ஒருக்களிப்பார், மறுபடி எழுந்து சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்பார். எந்த நிலையிலும் ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்காது. முகமெல்லாம் வேர்த்துவிடும், சிலருக்கு வாந்தியும் வரும். அதைப் பார்த்துவிட்டு 'ஹி இஸ் இன் ஆகனி' என்று சொன்னால் சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

'அகோனி' என்று சொல்வதா, 'ஆகனி' என்று சொல்வதா?

எழுத்தைப் பார்த்து வாசிப்பவர்கள் 'அகோனி' என்பார்கள். அப்படி இல்லை. முதல் எழுத்து 'ஆப்பிள்' என்பதன் முதல் ஒலி. அழுத்தமும் அங்கேதான். நடு எழுத்தைத் 'தங்கம்' என்னும்போது வரும் க-வைப் போல அழுத்தமாகச் சொல்ல வேண்டும், 'பகல்' என்பதில் வருகிற மெல்லிய க அல்ல. மீதியை வேகமாக முடித்துவிடுங்கள்.

எங்கிருந்து வந்த சொல்?

கிரேக்கத்திலிருந்து. அங்கே 'அகோன்' என்றால் போட்டி. ஒலிம்பியாவில் நடந்த மாதிரியான விளையாட்டுப் போட்டிகளும், அதற்குக் கூடும் கூட்டமும் அந்தப் பெயரில் வரும். அதிலிருந்து 'அகோனியா' பிறந்தது. முதலில் மல்யுத்தக் களத்துப் போராட்டம், அப்புறம் மனசுக்குள் நடக்கும் போராட்டம், பதற்றம். லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது மன வேதனை என்ற பொருள்தான் முதலில் வந்தது. உடம்பு வலி என்ற பொருள் 1600-ஐ ஒட்டித்தான் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு நாம் முதலில் நினைப்பது உடம்பு வலியை. வரலாற்றில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

கதைநாயகனைக் குறிக்கும் 'ப்ரொடாகனிஸ்ட்', எதிராளியைக் குறிக்கும் 'ஆன்டாகனிஸ்ட்' இரண்டும் இதே வேரில் முளைத்தவை. களத்தில் முதல் ஆள், எதிரே நிற்கும் ஆள், அவ்வளவுதான். நர்சிங், பார்மசி படிக்கும் பிள்ளைகள் 'அகனிஸ்ட்', 'ஆன்டாகனிஸ்ட்' என்று மருந்துகளைப் பிரிப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். அங்கேயும் அதே கதைதான். உடம்பின் ஏற்பியில், அதாவது மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தில், அமர்ந்து வேலையைத் தூண்டுவது ஒன்று, அமர்ந்து வேலையைத் தடுப்பது இன்னொன்று. 'மார்பின்' என்ற வலி மருந்து முதல் வகை. அந்த மருந்து அளவு மீறிப்போனால் அதை முறிக்கக் கொடுக்கும் நலோக்சோன் இரண்டாம் வகை. வலிக்கும் இந்தப் பெயர்களுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, போட்டிக்குத்தான் சம்பந்தம்.

அமெரிக்க டிவி பார்க்கிறவர்கள் 'தி ஆகனி ஆஃப் டிஃபீட்' என்ற தொடரைக் கேட்டிருப்பார்கள், தோல்வியின் வேதனை. 1961-இல் தொடங்கிய ஏபிசி விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றின் முகப்பு வாசகத்தில் அது வரும். அந்த வார்த்தைகள் ஒலிக்கும்போது, பனிச்சறுக்கு மேடையிலிருந்து நிலைதடுமாறி உருண்டு விழும் ஒரு வீரரைப் பல வருஷம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் யூகோஸ்லாவியாவின் விங்கோ போகதாய், 1970-இல் ஜெர்மனியில் நடந்த விபத்து அது. பார்க்கவே பயங்கரமாக இருக்கும், ஆனால் மனிதர் பிழைத்துக்கொண்டார். களத்துக்கென்று பிறந்த சொல் களத்துக்கே திரும்பி வந்த இடம் என்பதால் வகுப்பில் இதைத் தவறாமல் சொல்வேன்.

பைபிளில் இந்தச் சொல் வரும் இடத்தைத் தமிழில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள்?

நல்ல கேள்வி, மொழிபெயர்ப்பவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய இடம். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு இயேசு ஒலிவ மலைப் பக்கம் போய்த் தனியாக ஜெபம் செய்கிறார். லூக்கா நற்செய்தி 22-ஆம் அதிகாரம், 44-ஆம் வசனம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'அகோனியா' என்ற சொல் வருவது இந்த ஓர் இடத்தில்தான். ஆங்கிலத்தில் 'இன் அன் ஆகனி' என்று போட்டார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பலருக்கு மனப்பாடமான பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'வியாகுலப்பட்டு' என்று இருக்கிறது.

எனக்கு அந்தத் தேர்வு மிகவும் பிடிக்கும். வலி என்று போட்டிருந்தால் தவறாகியிருக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் உடம்பில் ஒரு அடிகூட விழவில்லை. வரப்போவதை நினைத்து மனசு கிடந்து அலைபாய்கிறது. வியர்வை இரத்தத் துளிகளைப் போல விழுந்தது என்று அதே வசனம் தொடர்கிறது. கத்தோலிக்கர்கள் ஜெபமாலையில் இதே நிகழ்ச்சியைத் தியானிக்கும்போது ஆங்கிலத்தில் 'ஆகனி' என்ற சொல்லைச் சொல்வார்கள், தமிழில் இரத்த வியர்வையைச் சொல்வார்கள். உள்ளே நடப்பதை வெளியே தெரிவதை வைத்துச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 15-ஆம் தேதி கொண்டாடும் வியாகுல மாதா திருநாளிலும் அதே 'வியாகுலம்' இருக்கிறது. பேச்சில் இன்றைக்கு இந்தச் சொல் அரிது, ஆனால் கோயிலுக்குப் போகிற பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும்.

பெயின், சஃபரிங், ஆங்விஷ், டார்மென்ட், எக்ஸ்க்ரூஷியேட்டிங்: இவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

'பெயின்' பொதுப்பெயர், எறும்பு கடித்தாலும் பெயின், எலும்பு முறிந்தாலும் பெயின். 'சஃபரிங்' நீண்ட காலம் அனுபவிக்கிற துன்பம், வறுமை, நோய், போர் எல்லாம் அதில் அடங்கும். 'ஆங்விஷ்' அநேகமாக மனசுக்கு மட்டும். குறுகல், நெருக்கடி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பிள்ளையைக் காணாமல் தேடும் தாய்க்கு நெஞ்சை அடைக்கிறதே, அது. 'டார்மென்ட்' என்றால் யாரோ அல்லது ஏதோ ஒன்று திரும்பத் திரும்பப் படுத்துகிற துன்பம். கொசு இரவெல்லாம் படுத்தினாலும் டார்மென்ட், குற்ற உணர்ச்சி வருஷக்கணக்கில் அரித்தாலும் டார்மென்ட். 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்பதற்குள் சிலுவை இருக்கிறது, லத்தீனில் 'க்ருக்ஸ்' என்றால் சிலுவை. அது பெயரடை மட்டும்தான், வலியின் அளவைச் சொல்லும்.

'ஆகனி' இவற்றில் உச்சம், உடம்பு மனசு இரண்டுக்கும் பொது. ஆனால் வருஷக்கணக்கில் மந்தமாக இருந்துகொண்டே இருக்கும் மூட்டு வலிக்கு அது சரிப்படாது. அந்த வலி ஓர் இரவில் உச்சத்துக்குப் போய்த் தூங்க விடாமல் செய்தால், அந்த இரவுக்குச் சரிப்படும்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலம் இங்கே பெயர்ச்சொல்லை நம்பி நிற்கிறது, தமிழ் வினைச்சொல்லை நம்பி நிற்கிறது. துடித்தான், தவித்தாள், நெளிந்தான், துவண்டாள், கதறினார்கள், பரிதவித்தார்கள். அனலில் விழுந்த புழுவாய்த் துடித்தாள் என்று சொன்னால் அதற்குமேல் 'வேதனை' என்ற சொல்லே தேவைப்படாது. 'அவர் கடுமையான வேதனையில் இருந்தார்' என்று எழுதுவதைவிட 'வலியில் துடித்துக்கொண்டிருந்தார்' என்று எழுதுங்கள், பாதி வேலை முடிந்தது.

பெயர்ச்சொல்தான் வேண்டும் என்றால் இடத்தைப் பார்க்க வேண்டும். காயம், அறுவை, தீப்புண் என்றால் ரணவேதனை. பிரசவம் என்றால் பிரசவ வேதனை, அங்கே வேறெதுவும் பொருந்தாது. பேச்சில் 'உயிர் போகிற வலி' என்போம், கதையில் உரையாடலுக்கு அதுதான் நல்லது. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்புக்குத் தவிப்பு. இன்னொருவர் வேண்டுமென்றே கொடுக்கும் கொடுமை என்றால் சித்திரவதை, ஆனால் அதற்கு ஆங்கில மூலத்தில் 'டார்ச்சர்' இருந்தால்தான் போடுவேன். சின்ன அசௌகரியத்திலிருந்து மரணத் தறுவாய் வரைக்கும் 'அவஸ்தை' என்று சொல்கிறோம், அதனால் அதைத் தனியாக விட்டால் கனம் குறைந்துவிடும். 'மரண அவஸ்தை' என்று சேர்த்தால் சரி. இலங்கைத் தமிழர்கள் பேச்சில் 'உத்தரிப்பு' என்று ஒரு சொல் வரும், நீண்ட துன்பத்துக்கு அருமையான சொல். அதைத் தமிழ்நாட்டு வாசகருக்காக மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

'நரக வேதனை' என்பதைச் செய்தியாளர்கள் எதற்கெடுத்தாலும் போட்டுப் போட்டு அதன் வலு போய்விட்டது. குண்டும் குழியுமான சாலைக்கு அதைப் போட்டுவிட்டால் தீவிபத்தில் சிக்கியவருக்கு என்ன போடுவது?

வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது? எங்கே தப்பு வரும்?

தமிழில் 'எனக்கு வலி இருக்கிறது' என்கிறோம். அதை வைத்துக்கொண்டு 'ஐ ஹாவ் அன் ஆகனி' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஆள் அந்த வேதனைக்குள் இருக்கிறார்: 'ஐ ஆம் இன் ஆகனி'. கத்தினால் 'ஹி ஸ்க்ரீம்ட் இன் ஆகனி'. இரண்டிலும் 'இன்' கட்டாயம். 'வெரி ஆகனி' வராது, அது பெயர்ச்சொல். அளவைக் கூட்ட வேண்டும் என்றால் 'சச் ஆகனி' அல்லது 'டெரிபிள் ஆகனி'. பெயரடை வேண்டுமானால் 'ஆகனைஸிங்': 'ஆன் ஆகனைஸிங் பெயின்', 'ஆன் ஆகனைஸிங் டிசிஷன்'.

'ஆகனைஸ்' என்ற வினை கொஞ்சம் ஏமாற்றும். அது வலியில் துடிப்பதைவிட, முடிவெடுக்க முடியாமல் மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மகள் மாதக்கணக்கில் ஆகனைஸ் செய்யலாம். பின்னால் 'ஓவர்' வரும்.

இரண்டு மரபுத்தொடர்களும் தெரிந்திருக்கட்டும். 'ப்ரொலாங் தி ஆகனி' என்றால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இழுத்தடித்து எதிராளியின் தவிப்பை நீட்டுவது. ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பீடிகை போடும் வாத்தியாரிடம் பிள்ளைகள் சொல்வது அது. 'பைல் ஆன் தி ஆகனி' என்றால் ஏற்கனவே மோசமாக இருப்பதை இன்னும் மோசமாக்குவது, அல்லது சோகத்தை மிகைப்படுத்திச் சொல்வது. பிரிட்டிஷ் பேச்சில் அதிகம்.

சின்ன விஷயத்துக்கு இதைச் சொல்லலாமா?

பேச்சில் ஆங்கிலேயர்களே சொல்கிறார்கள். புது செருப்பு கடித்தால் 'மை ஃபீட் ஆர் இன் ஆகனி' என்பார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தேர்வு முடிவுக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கோ காத்திருப்பதை இந்தச் சொல்லால் சொல்வதை மிகை என்றே நான் நினைக்கவில்லை. சொல்லின் பழைய பொருளே அதுதானே.

எழுத்தில் கைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் பஸ் தாமதமானாலும் பயணிகளின் 'ஆகனி', பயிர் மூழ்கிப் போனாலும் விவசாயியின் 'ஆகனி'. தலைப்பில் இடம் கம்மி, ஐந்தே எழுத்துள்ள சொல், எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதலாவதற்கு, தொல்லை என்ற அளவில் நிற்கும் 'வோ' என்ற ஆங்கிலச் சொல் போதும். கடன் வாங்கி விதைத்ததெல்லாம் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்து நிற்பவருக்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும்.

நுகர்வோர் வழக்குகளில் வரும் 'மென்டல் ஆகனி' என்பது என்ன?

இந்தியாவில் இந்தச் சொல் பணமாக மாறும் இடம் இது. 'மன உளைச்சலுக்கு இழப்பீடாக இத்தனை ஆயிரம் ரூபாய் வழங்க உத்தரவு' என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்த மன உளைச்சலுக்கு ஆங்கிலத் தீர்ப்பில் 'மென்டல் ஆகனி' என்றுதான் இருக்கும். பெரும்பாலும் 'ஹராஸ்மென்ட்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வரும், அலைக்கழிப்பு.

இதற்கு ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா, உச்ச நீதிமன்றம், 1993. வீடு ஒதுக்கப்பட்டுப் பணமும் கட்டிய ஒருவருக்கு வீட்டை முடித்துக் கொடுக்காமல் அலையவிட்டார்கள். அரசு அமைப்பு வீடு கட்டிக் கொடுப்பதும் 'சேவை'தான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டத்தின்கீழ் கேட்கலாம், பொருளின் விலை மட்டுமில்லாமல் பட்ட அலைச்சலுக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு கொடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. இன்னொரு படி மேலே போய், அந்தத் தொகையைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்கவும் சொன்னது. பொதுமக்கள் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு அதிகாரி கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம். அப்போது இருந்தது 1986-ஆம் வருஷச் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் வருஷச் சட்டம்.

'மன உளைச்சல்' என்ற தமிழாக்கம் சரியா என்றும் கேட்பார்கள். உளைச்சல் என்பது கை கால் உளைச்சல் என்பதைப் போல நீடித்து நிற்கும் குடைச்சலைச் சொல்வது, 'ஆகனி' அதைவிடக் கூர்மை. தனியாகக் கேட்டால் 'மன வேதனை' என்பேன். ஆனால் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் 'மன உளைச்சல்' நிலைபெற்றுவிட்டது. அலைக்கழிக்கப்பட்டவர்கள் அனுபவிப்பதும் பெரும்பாலும் நீடித்த குடைச்சல்தான். மனு எழுதும்போது அதையே எழுதுங்கள்.

எழுதும்போது ஒன்று முக்கியம். 'மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்' என்ற ஒரே வரி யாரையும் அசைக்காது, எல்லா மனுவிலும் அது இருக்கிறது. எந்தத் தேதியில் போனீர்கள், யாரைப் பார்க்கச் சொன்னார்கள், எத்தனை மணி நேரம் உட்கார வைத்தார்கள், அதனால் எது தடைப்பட்டது என்று எழுதுங்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் மண்டப அட்வான்ஸுக்காக அலைந்தேன் என்று தேதியோடு, ரசீதோடு இருந்தால் அந்த வேதனையை நீதிபதி தாமாகவே உணர்ந்துகொள்வார். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

'ஆகனி ஆன்ட்' என்றால் யார்?

பத்திரிகையில் வாசகர்களின் குடும்ப, காதல் சிக்கல்களுக்குப் பதில் சொல்பவர். பிரிட்டனில் இந்தப் பெயர், அமெரிக்காவில் சாதாரணமாக ஆலோசனைப் பத்தி எழுத்தாளர் என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்பே 'ஆகனி காலம்' என்ற பெயர் வந்துவிட்டது, இங்கே 'காலம்' என்பது பத்தி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். 19-ஆம் நூற்றாண்டு லண்டன் பத்திரிகைகளில் காணாமல் போன உறவினரைத் தேடியும், வீட்டைவிட்டுப் போனவரைத் திரும்பி வரச் சொல்லியும் கொடுக்கும் சின்ன விளம்பரங்கள் இருந்த பத்திக்கு அந்தப் பெயர். பத்திரிகைக்குக் கேள்வி எழுதிப் போட்டுப் பதில் வாங்கும் பழக்கம் இன்னும் பழையது, 1691-இல் லண்டனில் ஜான் டன்டன் அதற்கென்றே ஒரு இதழ் தொடங்கினார். தமிழில் இந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று பார்க்க வாரமலரின் 'அன்புடன் அந்தரங்கம்' போதும்.

'வேதனை அத்தை' என்று மொழிபெயர்த்திருப்பதை ஓரிடத்தில் பார்த்தேன், தயவுசெய்து வேண்டாம். 'ஆலோசனைப் பகுதி எழுதுபவர்' என்று எழுதினாலே போதும்.

வெளிநாட்டில் டாக்டரிடம் 'ஐ ஆம் இன் ஆகனி' என்று சொன்னால் போதுமா?

வலி பொறுக்க முடியவில்லை என்று அவருக்குப் புரியும். என்ன மாதிரி வலி என்று புரியாது. அங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள், குறிப்பாகப் பிள்ளைகளோடு போய் இருக்கும் பெரியவர்கள்.

தமிழில் வலிக்கு எவ்வளவு சொல் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, இழுக்குது, பிசையுது, சுளுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது, சுள்ளுன்னு இழுக்குது, திகுதிகுன்னு எரியுது, மதமதன்னு இருக்குது. இவை ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு தடயம். எரிச்சலும் மதமதப்பும் நரம்பைக் காட்டலாம், வயிற்றை விட்டுவிட்டுப் பிசைவது குடலைக் காட்டலாம். அம்மா இத்தனையையும் சொல்ல, கூடப் போன பிள்ளை திரும்பி 'ஷி ஹாஸ் பெயின்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எல்லாத் தடயமும் போச்சு.

ஆங்கிலத்தில் இவற்றுக்குச் சொற்கள் உண்டு. குத்தினால் 'ஸ்டாபிங்', எரிந்தால் 'பர்னிங்', விண்விண்ணென்று தெறித்தால் 'த்ராபிங்', பிசைந்தால் 'கிராம்பிங்', குடைந்தால் 'நாயிங்', சுள்ளென்று ஓடினால் 'ஷூட்டிங்', மதமதப்பு என்றால் 'நம்ப்'. இந்த ஏழும் ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் இருக்கட்டும்.

வலிக்கான சொற்களை மருத்துவமே ஒரு கருவியாக்கி வைத்திருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரானால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட கேள்வித்தாளில் 78 சொற்களை 20 குழுவாகப் பிரித்து நோயாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். 'ஆகனைஸிங்' கடைசிக் குழுவில் வருகிறது. மொத்த வலியின் அளவைக் கேட்கும் இடத்தில் உச்சத்துக்கு 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்று வைத்திருக்கிறார்கள்.

0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்லியும் கேட்பார்கள். நம் பெரியவர்கள் டாக்டருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று '4' என்பார்கள், இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார்கள். தூங்கவில்லை, சாப்பிடவில்லை, எழுந்து பாத்ரூம் போக முடியவில்லை என்பதை எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு ஆஸ்பத்திரியில் பரிசு எதுவும் கிடையாது. குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைவாகத்தான் வரும்.

பாரிஸில் இருக்கிறேன். பிரெஞ்சிலும் இதே சொல் இருக்கிறதே, அதையே சொல்லலாமா?

கூடாது. பிரெஞ்சில் 'அகொனி' என்றால் சாவதற்கு முந்தின கட்டம், உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும் நேரம். ஸ்பானிஷ், இத்தாலியன், போர்த்துகீசிலும் முதலில் அந்தப் பொருள்தான் நினைவுக்கு வரும். உங்கள் மாமனார் 'அகொனி'யில் இருக்கிறார் என்று போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் அடக்கத்துக்கு வருவதைப் பற்றி யோசிப்பார். கடுமையான வலிக்கு 'துலோர்' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

'ஆகனல் ப்ரீதிங்' என்று முதலுதவி வகுப்பில் சொன்னார்கள். அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சாவோடு போராடும் கட்டம் என்ற பொருள் ஆங்கிலத்திலும் மருத்துவச் சொற்களில் தங்கிவிட்டது. இதயம் திடீரென்று நின்று ஒருவர் விழும்போது, சில நேரம் மூச்சு முழுக்க அடங்கிவிடாது. வாய் திறந்து, தாடை அசைந்து, ஒரு பெரிய இழுப்பு வரும். குறட்டை மாதிரியோ முனகல் மாதிரியோ சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றும் இருக்காது. பல விநாடி கழித்து இன்னொரு இழுப்பு. மூளைத்தண்டில் மிச்சமிருக்கும் அனிச்சைச் செயல் அது. உடம்புக்கு வேண்டிய காற்று அதில் போவதில்லை, அந்த ஆளுக்கு நினைவும் இல்லை.

சுற்றி நிற்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு 'மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, தண்ணி தெளிங்க' என்பார்கள். அந்தச் சில நிமிடங்கள்தான் உயிரைக் காப்பாற்றக்கூடிய நிமிடங்கள். தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், கையில் சாவியைத் திணிக்காதீர்கள். ஒருவர் 108-க்கு அடிக்கட்டும், இலங்கையில் 1990. இன்னொருவர் ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், 6-ஐத் தாண்டாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். கை ஓய்ந்தால் ஆள் மாற்றுங்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ளும் வரைக்கும் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் நீண்ட நாள் நோயில் இருந்து, இனி சிகிச்சை வேண்டாம், அமைதியாகப் போகட்டும் என்று டாக்டரோடு பேசி முடிவெடுத்த பெரியவர்களின் கடைசி மூச்சும் இதே மாதிரி இருக்கலாம். அங்கே நெஞ்சை அழுத்துவது தேவையில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளைகள் 'எவ்வளவு வேதனைப்படுகிறாரோ' என்று உடைந்துபோவார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் டாக்டரோ நர்ஸோ தெளிவாகச் சொல்ல வேண்டியது, பெயரில்தான் 'ஆகனி' இருக்கிறது, அவர் நினைவில்லாத நிலையில் அதை உணர்வதில்லை என்பதை.